ஒரே கேட், ஒரே வேலை... பேச்சுவார்த்தை மேஜையில் யாருக்கு நாற்காலி?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கையில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை, டூ-வீலர் ஹாரன்களின் இரைச்சல். எல்லோரும் ஒரே கேட்டுக்குள்தான் நுழைகிறார்கள். ஆனால், எல்லோரும் அந்தக் கம்பெனியின் தொழிலாளர்கள் இல்லை. பல ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சட்டை, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறு நிறச் சட்டை. அப்ரண்டிஸ் பையன்களுக்கு அதுவும் இல்லை. உள்ளே போனதும் பக்கத்துப் பக்கத்து மெஷினில்தான் நிற்பார்கள்.

தீபாவளி நெருங்கும்போது போனஸ் பேச்சு ஆரம்பிக்கும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் வரும். அப்போது யூனியன் தலைவர்கள் ஏ.சி. அறைக்குள் போய் நிர்வாகத்துக்கு எதிரே உட்காருவார்கள். அந்த நாற்காலியில் உட்காருபவர் யாருக்காகப் பேசுகிறார்? எந்தச் சட்டைக்காரர்களுக்காக? யாருடைய தலையை எண்ணி 'இவர்தான் தொழிலாளர்களின் பிரதிநிதி' என்று முடிவு செய்தார்கள்?

கேட்க எளிதான கேள்வி. ஆனால், வடசென்னை இதற்காக நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்டிரைக் செய்திருக்கிறது, கோர்ட் ஏறியிருக்கிறது, ரத்தமும் சிந்தியிருக்கிறது. இப்போது புதுச் சட்டம் ஒன்று வந்து அந்தக் கேள்வியை மறுபடி கிளறிவிட்டிருக்கிறது.

204 பேர் போதும்!

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒன்று, 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம், 1946-ம் ஆண்டு நிலையாணைகள் சட்டம், 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் மூன்றையும் சுருட்டி ஒன்றாக்கிய சட்டம் இது.

இதன் 14-வது பிரிவுதான் நம் கதையின் நாயகன் (அல்லது வில்லன், அது நீங்கள் எந்த நிறச் சட்டை போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது). ஒரு நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட யூனியன்கள் இருந்தால், 51 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் ஆதரவு உள்ள யூனியனே 'ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம்'. யாருக்கும் 51 கிடைக்கவில்லையா? 20 சதவிகிதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கும் யூனியன்கள் சேர்ந்து 'பேச்சுவார்த்தைக் குழு' அமைக்கும். ஒவ்வொரு 20 சதவிகிதத்துக்கும் ஒரு பிரதிநிதி. 48 சதவிகிதம் வைத்திருக்கும் யூனியனுக்கு இரண்டு நாற்காலி, 30 வைத்திருப்பவருக்கு ஒன்று, 15 வைத்திருப்பவர் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்த அங்கீகாரம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டலாம்.

சரி, 51 சதவிகிதம் என்றால் எதில் 51? சட்டம் சொல்லும் பதில்: அந்தத் தொழில் நிறுவனத்தின் 'மஸ்டர் ரோல்'-இல் உள்ள தொழிலாளர்களில். மஸ்டர் ரோல் என்பது வருகைப் பதிவேடு. இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். கேட்டுக்குள் தினமும் 1,000 பேர் போகிறார்கள். அதில் 400 பேர் நிரந்தரம். 450 பேர் கான்ட்ராக்ட். 150 பேர் அப்ரண்டிஸ். கம்பெனியின் மஸ்டர் ரோலில் இருப்பது நிரந்தரத் தொழிலாளர்கள் 400 பேர்தான். கான்ட்ராக்ட்காரர்களின் பெயர் கான்ட்ராக்டரின் பதிவேட்டில் இருக்கும். 400-ல் 51 சதவிகிதம் என்றால் 204 பேர். அந்த 204 பேரின் ஆதரவு இருந்தால் ஆலையின் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம் ஆகிவிடலாம்.

இப்போது கான்ட்ராக்ட் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள் 'தொழிலாளர்' என்ற கணக்கிலேயே வராதவர்கள், அவர்களை விட்டுவிடுவோம். மீதி 850 பேர். அதில் 204 என்பது வெறும் 24 சதவிகிதம். சென்ற பாராவில் ஒரே சங்கமாக இருந்தது, இப்போது குழுவில் ஒரு நாற்காலிக்குத்தான் தகுதி! ஆலையும் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. யாரை எண்ணுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது.

பெரம்பூரில் ஆரம்பித்த கதை

ராயபுரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் பெரம்பூர். அங்கே இருந்த பக்கிங்ஹாம் - கர்நாட்டிக் மில்லைப் பழைய ஆட்கள் இன்றும் 'பின்னி மில்' என்பார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று அந்தத் தொழிலாளர்களுக்காக உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. சுவாரஸ்யம் என்னவென்றால், அதைத் தொடங்க முன்னின்றவர்கள் யாரும் மில் தொழிலாளிகள் இல்லை. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் மில் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்கள். தலைவர் பி.பி.வாடியா, பம்பாயிலிருந்து வந்த பார்சி, அடையாறு தியோசாபிகல் சொசைட்டிக்காரர். துணைத் தலைவராக இருந்தவர் தமிழறிஞர் திரு.வி.க.

'எங்கள் மில்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களோடு நாங்கள் ஏன் பேச வேண்டும்?' என்பதுதான் நிர்வாகத்தின் கேள்வி. 1920-ல் தகராறு முற்றி, பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. கோர்ட் தடை உத்தரவு போட்டது. கடைசியில் 1921-ல் சமரசம்; வாடியா சங்கத்தை விட்டு விலகினார்.

யூனியன் நடத்துவதே சட்டப்படி ஆபத்து என்பதை அந்த வழக்கு நாடு முழுவதும் காட்டிவிட்டது. என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் இதை எழுப்ப, பல இழுபறிக்குப் பிறகு 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. அந்த அளவு இப்போது மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அது, என்று சுருங்கிவிட்டது.

வெளியே யார் என்ற கேள்வி இப்படி ஓரளவு தீர்ந்தது. உள்ளே யார் என்ற கேள்வி அதே 1921-ல் வெடித்தது. அந்த ஆண்டு நடுவில் தொடங்கிய ஸ்டிரைக் மாதக்கணக்கில் நீண்டபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கம் சாதி இந்துக்களின் பிடியில் இருந்தது, வேலை போனால் திரும்பிப்போய்ப் பிழைக்க அவர்களுக்கு ஊரில் நிலம் கிடையாது. ஒரே மில், ஒரே நெசவு. ஆனால், ஸ்டிரைக்கின் சுமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. ஸ்டிரைக்கும் தோற்றது. 'தொழிலாளர் எல்லோரும் ஒன்று' என்று சொல்வது எவ்வளவு எளிது, ஆக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு வடசென்னையிடம் இதைவிடக் கசப்பான உதாரணம் இல்லை.

'12(3) போட்டாங்களா, 18(1) போட்டாங்களா?'

எண்ணூர் பக்கம் ஆலைத் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்கள் பரிச்சயம். சட்டம் படிக்காத அம்மாக்கள்கூட இந்த எண்களைச் சொல்வார்கள். காரணம், வீட்டுக்கு வரும் பணம் இந்த எண்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

1947 சட்டத்தின்படி, தொழிலாளர் துறை சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் ஆலையில் இருக்கும் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவர் உட்பட. 18(1) அப்படி இல்லை. நிர்வாகமும் ஒரு யூனியனும் நேரடியாகப் போட்டுக்கொள்வது. கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும். ஆக, சிறுபான்மை யூனியன் ஒன்றோடு 18(1) போட்டு, 'பலன் வேண்டும் என்றால் நீங்களும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுங்கள்' என்று மற்றவர்களிடம் பேப்பரை நீட்ட முடியும். பெரும்பான்மை யூனியன் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருக்கும். உள்ளே கையெழுத்து நடந்துகொண்டிருக்கும்.

எந்த யூனியனை நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த மகாராஷ்டிராவில் 1971-லேயே தனிச் சட்டம் வந்தது. கேரளாவில் 2010-ல் வந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லவே இல்லை. இருந்தது 1958-ல் உருவான 'ஒழுங்கு நெறி' மட்டும். ஒரு நிறுவனத்தில் குறைந்தது 15 சதவிகித உறுப்பினர்கள், ஓராண்டுச் செயல்பாடு, பல சங்கங்கள் இருந்தால் உறுப்பினர் அதிகம் உள்ள சங்கம் என்றெல்லாம் அளவுகோல் சொன்னது. ஆனால், அது சட்டம் இல்லை. பின்பற்றினால் நல்லது, பின்பற்றாவிட்டால் யாரும் ஜெயிலுக்குப் போகப்போவதில்லை.

இந்த ஓட்டை ஜெனீவா வரை போனது. திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கி டயர் சாம்ராஜ்யமாக வளர்ந்தது எம்.ஆர்.எஃப். அதன் அரக்கோணம் ஆலையில் தங்களுக்குத்தான் பெரும்பான்மை என்று சொன்ன எம்.ஆர்.எஃப். யுனைடெட் வொர்க்கர்ஸ் யூனியன், நிர்வாகம் தங்களை விட்டுவிட்டு வேறு சங்கத்தோடு பேசுகிறது என்று 2006-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிடம் புகார் கொடுத்தது. நிர்வாகம் அதை ஏற்கவில்லை. புகார் எண் 2512. எந்தச் சங்கத்துக்கு உண்மையில் பெரும்பான்மை என்று பாரபட்சம் இல்லாமல் சரிபார்க்க வழி செய்யுங்கள் என்பதுதான் அந்த அமைப்பின் குழு இந்திய அரசிடம் கேட்டுக்கொண்டதன் சாரம்.

அங்கீகாரம் இருக்கட்டும், பதிவு வாங்குவதே பாடாகப் போன கதை அண்மையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்தது. சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கி 37 நாள் ஸ்டிரைக் நடத்தினார்கள். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரலாமா என்பதே சண்டையில் ஒரு பகுதி! உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

ராஜ்பவன் தோட்டக்காரர் தொழிலாளியா?

யூனியனில் யார் சேரலாம் என்பதில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த பழைய தீர்ப்பு ஒன்று சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு மனப்பாடம். ஆளுநர் மாளிகையில் வீட்டு வேலை, தோட்ட வேலை முதலியவற்றில் இருந்த ஊழியர்கள் சங்கம் பதிவு செய்யக் கேட்டார்கள். பதிவாளர் மறுத்தார். 1960-களின் தொடக்கத்தில் வந்த தீர்ப்பில் கோர்ட்டும் மறுத்தது. ராஜ்பவனில் வியாபாரமோ தொழிலோ நடக்கவில்லை, ஆகவே அது தொழிற்சங்கச் சட்டத்துக்குள் வராது என்பது வாதம். அதே காலத்தில் தாசில்தார், துணை மாஜிஸ்திரேட் போன்றவர்களைக் கொண்ட அரசு ஊழியர் சங்கத்துக்கும் இதே கதிதான். 1978-ல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 'தொழில்' என்ற சொல்லை விரித்துப் பொருள் சொன்ன பிறகு காற்று மாறியது.

இன்னொரு கோடு, மேற்பார்வையாளர். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி இல்லை. மேற்பார்வைப் பணியில் இருந்து குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஊதியம் வாங்கினால் அவரும் இல்லை. அந்தத் தொகை பழைய சட்டத்தில் 10,000 ரூபாய், புதியதில் 18,000. இன்றைய விலைவாசியில் 18,000 ரூபாய் ஒரு பெரிய வரம்பா என்பதை மளிகைக் கடை பில் கட்டுகிறவர்கள் சொல்லட்டும். பதவிப் பெயரில் 'எக்ஸிக்யூட்டிவ்', 'டீம் லீடர்' என்று எழுதிவிட்டால் போதும், யூனியன் கணக்கிலிருந்து ஆள் கழன்றுவிடுவார் என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால், பெயர்ப் பலகையைப் பார்க்காதே, அவர் உண்மையில் செய்யும் வேலையைப் பார் என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லிவிட்டன. கையில் ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு எக்ஸிக்யூட்டிவ் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தாலும் அவர் தொழிலாளிதான்.

துறைமுகம்: முதலாளி யார் என்று தெரியாத இடம்

ஆலையிலாவது ஒரு கேட், ஒரு பெயர்ப் பலகை. துறைமுகத்தில் அதுவும் கிடையாது. கப்பலில் சரக்கை ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர் கம்பெனிகள் பல. இன்று ஒருவரிடம் வேலை, நாளை வேறொருவரிடம், கப்பல் வராத நாளில் பட்டினி. யாரோடு யார் பேசுவது?

சுதந்திரம் வந்த கையோடு 1948-ல் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் போட்டு, துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் அமைத்தார்கள். தொழிலாளர்கள் பெயரை வாரியம் பதிவு செய்துகொள்ளும். கேங் கேங்காகப் பிரித்து, எந்த ஸ்டீவடோருக்கு ஆள் வேண்டுமோ அங்கே அனுப்பும். சிதறிக் கிடந்தவர்கள் ஒரே பட்டியலுக்குள் வந்தார்கள், பட்டியல் வந்ததும் பேரம் பேசும் பலமும் வந்தது. அந்தக் காலத்துத் துறைமுகத் தலைவர்களில் முக்கியமானவர் எஸ்.சி.சி.அந்தோணிப் பிள்ளை. யாழ்ப்பாணத் தமிழர், இலங்கையிலிருந்து வந்து பின்னி மில் தொழிலாளர்களையும் துறைமுகத் தொழிலாளர்களையும் வழிநடத்தியவர். 1957-ல் வடசென்னை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள்.

ஆனாலும் 'முதலாளி யார்' என்ற குழப்பம் தீரவில்லை. விசாகப்பட்டினத்தில் போனஸ் கேட்டபோது, வாரியம் ஸ்டீவடோர்களைக் கைகாட்ட, ஸ்டீவடோர்கள் வாரியத்தைக் கைகாட்டினார்கள். 1970-ல் உச்ச நீதிமன்றம் வாரியம் முதலாளி இல்லை, ஸ்டீவடோர்களே முதலாளிகள் என்றது. பிறகு 1997-ல் வந்த சட்டம், பெரிய துறைமுகங்களில் இந்த வாரியங்களைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க வழி திறந்தது.

இதே சிக்கலை அமெரிக்கா வேறு மாதிரி தீர்த்தது. அங்கே 1935-ம் ஆண்டுச் சட்டப்படி எந்தெந்தத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு 'பேரம் பேசும் அலகு' என்று முடிவு செய்வதற்கே தனி வாரியம் உண்டு. 1938-ல் அந்த வாரியம், பசிபிக் கடலோரத் துறைமுகத் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே அலகு என்று அறிவித்தது. டகோமா போன்ற சில துறைமுகங்களில் போட்டிச் சங்கத்துக்குத்தான் ஆதரவு. துறைமுகம் துறைமுகமாக எண்ணியிருந்தால் அங்கே அவர்கள் ஜெயித்திருப்பார்கள். கடற்கரை முழுவதையும் சேர்த்து எண்ணியதால் அவர்கள் காணாமல் போனார்கள். கோடு போடுகிற கைக்கு எவ்வளவு பலம் பாருங்கள்.

நம் ஊரிலும் பெரிய துறைமுகங்களின் ஊழியர்களுக்கு ஊதியம் தேசிய அளவில்தான் பேசப்படுகிறது. 2024 ஆகஸ்ட் 27 அன்று, ஸ்டிரைக் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, 8.5 சதவிகித உயர்வுக்கு ஒப்பந்தம் ஆனது. ஆனால், அந்தப் பலன் போய்ச் சேர்வது துறைமுக நிர்வாகத்தின் சொந்த ஊழியர்களுக்கு. இன்று கன்டெய்னர் தூக்கும் கைகளில் எத்தனை துறைமுகத்தின் சொந்தக் கைகள்? சென்னையின் முதல் கன்டெய்னர் முனையம் 2001-லேயே 30 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் போனது. 2009-ல் இரண்டாவது முனையமும் தனியாரிடமே. கரித்தூசி வழக்கில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னையை விட்டு எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தன.

அந்த எண்ணூர் துறைமுகம் பிறந்த விதமே வேறு. 1999-ல் கம்பெனியாகப் பதிவாகி, 2001-ல் இயங்கத் தொடங்கிய அது, கம்பெனியாக அமைந்த இந்தியாவின் முதல் பெரிய துறைமுகம். இப்போது பெயர் காமராஜர் துறைமுகம். நிலத்தையும் கடல்வழியையும் துறைமுகம் கொடுக்கும், முனையங்களை மற்றவர்கள் நடத்துவார்கள். சென்னைத் துறைமுகம் ஒரு காலத்தில் வைத்திருந்ததுபோன்ற பெரும் தொழிலாளர் படையை அது ஒருபோதும் வைத்துக்கொள்ளவில்லை. 2020-ல் சென்னைத் துறைமுகமே அதன் பங்குகள் முழுவதையும் வாங்கிவிட்டது. உரிமையாளர் ஒன்று. ஆனால், தொழிலாளர்கள் மட்டும் முனையத்துக்கு முனையம், கான்ட்ராக்டருக்குக் கான்ட்ராக்டர் தனித்தனி மஸ்டர் ரோல்களில்.

ராயபுரத்தின் குப்பை வண்டிகள்

சென்ற ஆண்டு இந்தக் கேள்வி ரிப்பன் மாளிகை வாசலுக்கே வந்து உட்கார்ந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை மாநகராட்சியின் 5-வது மண்டலமான ராயபுரம், 6-வது மண்டலமான திரு.வி.க. நகர் இரண்டின் தூய்மைப் பணியாளர்கள் அங்கே போராடினார்கள். இந்தியாவின் முதல் தொழிற்சங்கத்தின் துணைத் தலைவர் பெயரைத் தாங்கிய மண்டலம் என்பதை அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

பெரும்பாலும் பெண்கள். பல ஆண்டுகளாக அதே தெருக்களைப் பெருக்கியவர்கள். ஆனால், பட்டியலில் அவர்கள் மாநகராட்சியின் நிரந்தர ஊழியர்கள் இல்லை. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் எடுக்கப்பட்டவர்கள். இரண்டு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்த மாநகராட்சி, அங்கே போய்ச் சேருங்கள் என்றது. 'உழைப்போர் உரிமை இயக்கம்' சங்கத்தின் கீழ் திரண்டவர்கள், நிரந்தரம் கேட்கும் எங்கள் வழக்கு தொழில் தீர்ப்பாயத்தில் இருக்கும்போதே முதலாளியை எப்படி மாற்றலாம் என்று கேட்டார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய இடத்தில் பல ஆயிரம் குறையும் என்பது அவர்களின் பயம். 13-வது நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மாநகராட்சித் தீர்மானத்தை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. கடைசியாக வாங்கிய ஊதியம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது.

ஊதியம் எவ்வளவு என்பது பாதிச் சண்டைதான். யாரிடம் கேட்பது என்பது மீதி. மாநகராட்சி முதலாளி என்றால், அவர்கள் பெரும் தொழிலாளர் கூட்டத்தின் ஒரு பகுதி. தனியார் நிறுவனம் முதலாளி என்றால், அந்த டெண்டர் இருக்கும் வரை மட்டும் ஒரு தனிக் கூட்டம். டெண்டர் மாறினால் பேச்சுவார்த்தைக்கு எதிரே உட்காரும் ஆளே மாறிவிடுவார்.

புதிய பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணிகளில் கான்ட்ராக்ட் முறையைச் சில விலக்குகளோடு தடுக்கிறது. துப்புரவு, காவல், கேன்டீன், சரக்கு ஏற்றி இறக்குதல் போன்றவை மையப் பணி இல்லை என்கிறது. வடசென்னையின் கான்ட்ராக்ட் தொழிலாளர்களில் பெரும்பகுதியை விவரிக்கும் பட்டியல்போல இருக்கிறதல்லவா? ஆனால், அதே வரியில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அந்த நிறுவனமே அந்த வேலைக்காக அமைந்தது என்றால் விலக்கு பொருந்தாது. மாநகராட்சிக்குக் குப்பை அள்ளுவது மையப் பணியா, துறைமுகத்துக்குச் சரக்கு இறக்குவது மையப் பணியா என்று வருங்காலத்தில் வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடப்போகிறார்கள்.

நிர்வாகங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு ஆலையில் பத்து யூனியன், பத்துக் கோரிக்கைப் பட்டியல் என்றால் எந்த ஒப்பந்தமும் நிற்காது. இன்னொருவர் வேலைக்கு வைத்த ஆளின் ஊதியத்தை நாங்கள் எப்படிப் பேசுவது என்றும் கேட்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளர் யூனியன்களும் பல காலம் கான்ட்ராக்ட் தொழிலாளரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கியவைதான். ஒரு பானைச் சோற்றை இன்னும் 450 பேரோடு பங்குபோட யாருக்கு மனம் வரும்? ஆனால், நிரந்தரத் தொழிலாளர் ஓய்வுபெற ஓய்வுபெற அந்த இடங்கள் கான்ட்ராக்டாக மாறும்போது, பானையே சின்னதாகிக்கொண்டு வருகிறது.

உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால்...

கான்ட்ராக்ட் தொழிலாளி யூனியனில் சேர எந்தத் தடையும் இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நிறுவனம் அல்லது தொழிலில் உள்ள தொழிலாளரில் 10 சதவிகிதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். சிக்கல் எல்லாம் பதிவுக்குப் பிறகு, எந்த மஸ்டர் ரோலில் எண்ணுவார்கள் என்பதில்தான்.

2001-ல் உச்ச நீதிமன்றம் 'செயில்' வழக்கில் ஒன்றைத் தெளிவாக்கியது. கான்ட்ராக்ட் முறையை அரசு தடை செய்தாலும் தொழிலாளி தானாகவே நிரந்தரம் ஆகிவிடமாட்டார். ஆனால், கான்ட்ராக்ட் என்பது வெறும் போர்வை, உண்மையில் வேலை வாங்குவது கம்பெனியே என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ச்சியாக வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. இரண்டுக்கும் தேவை ஆதாரம்.

எனவே, பணி நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள்; புதிய சட்டத்தில் அது கட்டாயம். ஊதியச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகளில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கான்ட்ராக்டர் மாறினால் தேதியைக் குறித்துவையுங்கள். யாரிடம் லீவு கேட்டீர்கள், யார் ஷிப்ட் போட்டார்கள், யார் மெமோ கொடுத்தார்கள் என்பதற்கான காகிதமோ வாட்ஸ்அப் மெசேஜோ இருந்தால் அழிக்காதீர்கள். பழைய கேட் பாஸைக்கூடத் தூக்கிப்போட வேண்டாம். யார் முதலாளி என்று தீர்ப்பாயம் கேட்கும் நாளில், அந்த அட்டையில் அச்சடித்திருக்கும் கம்பெனி பெயரும் ஒரு சாட்சி.